கண்காட்சியில் ஒரு ஹெரால்டு
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இயல், இசை, நாடகம் ஆகிய மூன்றுக்கும் உரியது இம்மேடை. இதன்மீது மோட்டார் வண்டியை ஏற்றுதல் முறையாகுமோ என்னும் ஐயம் எங்களுக்கே முதலில் எழுந்தது. ஆயினும் செயலாளர் அவர்கள் விடவில்லை. "ஞாயிற்றுக்கிழமை காலையில் காலனியில் பாதிப்பேர் உங்கள் வண்டியைச் சுற்றித்தானே நிற்கிறார்கள், அவர்கள் கேட்பதற்கெல்லாம் ஒருமுறை சேர்த்து விடை சொல்லிவிடுங்கள்" என்றார். நியாயமான பேச்சு. ஆதலின் வந்து நிற்கிறோம்.

"எங்கள் வண்டி" என்று சொல்லும்போது மூன்று குடும்பங்களின் சார்பில் சொல்கிறோம். வண்டி சட்டப்படி எங்களுடையதன்று. எதிர்வரிசை வீட்டு அம்மையார் ஒருவர்க்கு உரியது. அவர்தம் கணவர் மறைந்த பின்னர், கொட்டகையில் தூசி மூடிக் கிடந்த அதனை நாங்கள் கேட்டுப் பெற்றுப் பேணி வருகிறோம். குளிர்காலந்தோறும் தில்லியிலும் அண்டை ஊர்களிலும் நடைபெறும் பழைய மோட்டார்க் காட்சிகளில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வண்டியின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பிறந்த ஆண்டு 1966. பிறந்த ஊர் நம் சென்னைக்கு அருகில் உள்ள வண்டலூர்ப் பக்கம்.

பழைய மோட்டார்களைக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் மேல்நாட்டிலிருந்து வந்ததே. அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள பெபிள் பீச் என்னுமிடத்தில் 1950-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அழகுப் போட்டி உலகப் புகழ் பெற்றது. நம் நாட்டில் இத்துறைக்கு வழிவகுத்தது ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை. 1964-ஆம் ஆண்டு தில்லியிலும், 1968-ஆம் ஆண்டு கல்கத்தாவிலும் அப்பத்திரிகை பழைய மோட்டார்களின் ஊர்வலத்தைத் தொடங்கிற்று. கன்னாட் பிளேஸில் அப்பத்திரிகையின் மாளிகைமுன், பனி முழுதும் விலகாத காலை வேளையில், பித்தளை விளக்குகளும் மரச் சக்கர ஆரங்களுமாய் வண்டிகள் அணிவகுத்து நிற்கும் காட்சியைக் கண்டவர் இங்கே பலர் இருப்பீர்கள். அவ்வணியில் பலமுறை வந்துள்ள சிவப்புத் தீயணைப்பு வண்டி ஒன்று உண்டு. 1914-ஆம் ஆண்டு ஹைதராபாத் நிஜாம் அரசின் ரயில்வேக்காக இங்கிலாந்தில் ஜான் மாரிஸ் கம்பெனி செய்தது. இன்று சாணக்கியபுரி ரயில் அருங்காட்சியகத்தின் உடைமை. அதன் சக்கரங்களில் காற்று இல்லை, கட்டி ரப்பர். அது சாலையில் உருளும் ஓசையே தனி.

இத்தகைய காட்சிகளில் வண்டிகளை வயதுவாரியாகப் பிரிப்பர். பொதுவாக 1918 வரையிலானவை ஒரு வகை, 1919 முதல் 1930 வரை 'விண்டேஜ்', அதன்பின் 'கிளாசிக்', பின்னர்ப் போருக்குப் பிந்தியவை. ஆண்டெல்லை காட்சிக்குக் காட்சி சற்று மாறும். போருக்கு முந்திய வகைகளில் நம் நாட்டில் பெரும்பாலும் நிற்பவை சமஸ்தான மன்னர்களின் வண்டிகளே. ரோல்ஸ் ராய்ஸ், டெய்ம்லர், காடிலாக், வேட்டைக்குப் போன வண்டி, பட்டாபிஷேக ஊர்வலத்துக்குப் போன வண்டி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. கல்கத்தாவில் ஓர் ஆங்கிலேயர்க்காக 1910-ஆம் ஆண்டு அன்ன வடிவில் செய்யப்பட்ட மோட்டார் ஒன்று இருந்தது. அலகிலிருந்து வெந்நீர் பீய்ச்சிக் கூட்டத்தை விலக்குமாம்! அது பின்னர் நாபா சமஸ்தானத்துக்குப் போய், இறுதியில் கடல் கடந்து, இப்போது நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெந்நீரால் ஏழைகளை விரட்டிய அன்னம் போனதைப் பற்றி நாங்கள் பெரிதும் வருந்தியதில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

எங்கள் வருத்தம் வேறு. மன்னர்களின் வண்டிகளைக் காக்க ஆளுண்டு, பணமுண்டு, அரண்மனைக் கொட்டகையுண்டு. குமாஸ்தாவும் ஆசிரியரும் டாக்டரும் ஓட்டிய வண்டிகளைக் காப்பவர் யார்? 1960-களில் நடுத்தரக் குடும்பம் ஒன்று கார் வாங்க வேண்டுமாயின் மூன்றே வழிகள் இருந்தன. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து அம்பாஸடர், பம்பாயிலிருந்து பியட், சென்னையிலிருந்து ஹெரால்டு. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இவற்றுள் அம்பாஸடரும் பியட்டும் வாடகை வண்டியாகவும் ஓடிப் பெருகின. ஆகவே அவை இன்றும் கண்ணில் படுகின்றன. ஹெரால்டோ குடும்ப வண்டியாகவே வாழ்ந்து, குடும்ப வண்டியாகவே முடிந்தது. இன்று முழு உருவில் ஒரு ஹெரால்டைக் காண்பதே அரிது.

அதன் வரலாற்றைச் சிறிது சொல்லல் வேண்டும். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் பெயரில் 1959-ஆம் ஆண்டு வெளிவந்த வண்டி இது. உருவம் தீட்டியவர் இத்தாலி நாட்டுக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலாட்டி. அக்காலத்து வண்டிகள் பெரும்பாலும் உடலும் சட்டமும் ஒன்றாகவே வார்த்தெடுத்தாற்போல் வரத் தொடங்கிவிட்டன. ஹெரால்டுக்கு மட்டும் அடியில் தனிச் சட்டம்; அதன்மேல் உடல் பல துண்டுகளாக மரையாணியிட்டுப் பூட்டப்பட்டது. முழு உடலைச் செய்து தந்துவந்த தொழிற்சாலை போட்டிக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டமையால், துண்டு துண்டாக வெவ்வேறிடத்தில் செய்து கோக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு நேர்ந்தது. நெருக்கடியில் பிறந்த இவ்வமைப்பு, பெரிய அச்சு எந்திரங்கள் இல்லாத நம் நாட்டுக்கு வாய்ப்பாகப் போயிற்று. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார்ப் பிராடக்ட்ஸ் கம்பெனி 1961-ஆம் ஆண்டு இதனை இங்கே கொண்டுவந்தது. பின்னாளில் இங்கிலாந்திலும் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் சென்னையில் செய்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஹெரால்டு நின்று, கெஸல் என்னும் வண்டி வந்தது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. சில ஆண்டுகளில் அதுவும் நின்று, ஆலையும் ஓய்ந்தது. தென்னாட்டில் கார் உற்பத்தி என்றால் இன்று மறைமலைநகரையும் ஸ்ரீபெரும்புதூரையும் சொல்கிறோம். அதற்கு ஒரு தலைமுறை முன்னரே வண்டலூர்ச் சாலையில் கார் பிறந்தது என்பதைச் சொல்ல, இன்று சாட்சியாக நிற்பவை இத்தகைய வண்டிகளே.

காட்சித் திடலில் ஹெரால்டுக்கு ஒரு தனி வித்தை உண்டு. மற்ற வண்டிகளில் எஞ்சினைப் பார்க்க மேல்மூடியை மட்டும் தூக்குவார்கள். இதில் முன்பக்கம் முழுவதும், விளக்குகளும் மட்கார்டுகளுமாகச் சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் மேசைமேல் வைத்த பண்டம்போல் தோன்றும். 948 கன சென்டிமீட்டர். நாற்பதுக்கும் குறைந்த குதிரைத்திறன். இன்றைய மோட்டார்களை நோக்கக் குழந்தை. முன் சக்கரத்தின்மேல் அமர்ந்தபடியே கார்புரேட்டரைச் சரிசெய்யலாம். அதனைக் கண்டதும் குழந்தைகள் கூடிவிடுவர். குழந்தைகளை அழைக்க வந்த தந்தைமார் அவர்களினும் அதிக நேரம் நிற்பர். அடுத்த வித்தை, திரும்புதல். முன் சக்கரங்கள் மிகுதியாக வளையும். இருபத்தைந்து அடி வட்டத்தில் வண்டி திரும்பிவிடும். நம் காலனிச் சந்தில் இன்றைய பெரிய வண்டிகள் முன்னும் பின்னுமாய் நான்குமுறை தவிக்கையில், ஹெரால்டு ஒரே வீச்சில் திரும்பிப் போவதைப் பலரும் கண்டிருப்பீர்கள்.

குறையையும் சொல்லிவிடுவோம். பின்சக்கரங்கள் ஊசலாடும் அச்சில் அமைந்தவை. வளைவில் வேகமாகப் போய்த் திடீரென்று பிரேக் மிதித்தால் பின்சக்கரம் உள்வாங்கி வண்டி சறுக்கும். முன்சக்கரத்தின் கீழே வெண்கலத்தாலான சிறு திருகு மூட்டு ஒன்று உண்டு. அதற்கு இடவேண்டியது கியர் எண்ணெய். கிரீஸ் அடித்தால் உள்ளே காய்ந்து, ஒருநாள் மூட்டு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். கிரீஸ் அடிக்கும் வாய் இருக்கிறதே, கிரீஸ்தானே அடிக்க வேண்டும் என்பார் எந்த மிஸ்திரியும். கரோல் பாக்கில் எங்களுக்கு வேலை செய்து தரும் சர்தார்ஜி அவ்வாறு சொல்லவில்லை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மதராஸி காடி, இதற்கு எண்ணெய்தான் ஆகும்" என்று சொல்லிச் சிரித்தார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நம் வழக்கத்தை நினைத்துச் சொன்னாரோ, தொழிலறிவால் சொன்னாரோ, அன்றே அவர் எங்கள் குடும்ப வைத்தியர் ஆகிவிட்டார்.

இவ்வண்டி தில்லிக்கு வந்த வகை இது. அம்மையாரின் கணவர் மத்திய அரசு ஊழியர். சென்னையிலிருந்து மாற்றலாகி 1969-ஆம் ஆண்டு தில்லிக்கு வந்தார். வண்டியை ரயிலில் ஏற்றாமல், மனைவியையும் கைக்குழந்தையையும் அமர்த்திக்கொண்டு தாமே ஓட்டி வந்தார். விஜயவாடா, ஹைதராபாத், நாகபுரி, ஜான்ஸி, ஆக்ரா வழியாக ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர், ஆறு நாட்கள். நாகபுரிக்கு வெளியே ஆரஞ்சுப் பாரம் ஏற்றிய மாட்டு வண்டி ஒன்றின் அச்சு உரசி, இடப்பக்கத்துப் பின் மட்கார்டு ஒரு சாண் நீளம் உள்வாங்கிற்று. தில்லி வந்தபின் வண்டியின் எண்ணும் மாறிற்று. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்த வண்டிக்குப் புதிய எண் இடுதல் சட்டம். எம்.எஸ். என்று தொடங்கிய எண் போய், டி.எல். என்று தொடங்கும் எண் வந்தது. பதிவுப் புத்தகத்தில் பழைய எண் சிவப்பு மையால் அடிக்கப்பட்டு, மேலே புதிய எண் எழுதப்பட்டிருக்கிறது. ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டு வந்து இங்கே வேறொன்றுக்கு வரிசையில் நின்றவர்கள் நம்முள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்தச் சிவப்புக் கோட்டை விளக்க வேண்டியதில்லை.

இனி, எங்களுக்குள் பெரும் பிணக்கை உண்டாக்கிய செய்திக்கு வருகிறோம்.

காட்சிகளில் நடுவர்கள் மதிப்பிடும் முறை பலருக்குத் தெரியாது. முழு மதிப்பெண்ணில் தொடங்கிக் குறை காணக் காணக் கழித்துக்கொண்டே போவார்கள். பூச்சு, குரோமியப் பூச்சு, இருக்கைத் துணி, மின்கம்பி, டயர், கண்ணாடியின் முத்திரை, திருகாணியின் தலை வரை பார்ப்பார்கள். விளக்கு எரிகிறதா, ஹாரன் ஒலிக்கிறதா, துடைப்பான் அசைகிறதா என்று இயக்கச் சொல்வார்கள். எஞ்சின் எண்ணையும் சட்டத்தின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடுவார்கள். முதன்முறை உள்ளூர்க் காட்சி ஒன்றுக்கு நாங்கள் போனபோது, நடுவர் ஒருவர் மட்கார்டின் நெளிவைத் தடவிப் பார்த்து, "இதை எடுத்து, முழுவதும் புதுப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவாருங்கள், உங்கள் வகையில் முதற்பரிசு நிச்சயம்" என்று சொல்லிப் போனார்.

அவ்வளவுதான், வீடு திரும்பும் வழியிலேயே வழக்குத் தொடங்கிவிட்டது. எங்கள் இளைஞர்கள், "அடுத்த ஆண்டுக்குள் டென்ட்டிங்-பெயிண்ட்டிங் முடித்துவிடலாம், இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் புதுவகைப் பூச்சு கண்ணாடிபோல் மின்னும்" என்றனர். சென்னையில் டிங்கரிங் என்கிறோம். தில்லியில் டென்ட்டிங் என்கிறார்கள். இரண்டிலும் நெளிவைத் தட்டிப் பட்டி பார்த்துப் பூசுவதுதான். மூத்தவர்களோ, 1966-இல் ஆலையில் அடித்த வெண்சாம்பல் நிறப் பூச்சு இன்றும் முக்கால் பங்கு அப்படியே இருக்கிறது, அதனைச் சுரண்டி எறிந்தபின் எவ்வளவு செலவிட்டாலும் மீளாது என்றனர். ஒரு வண்டி ஒருமுறைதான் ஆலையிலிருந்து வெளிவரும்.

உலகெங்கும் இவ்வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. நெடுங்காலம் வெற்றி பெற்றவர்கள் புதுக்கும் கட்சியினரே. வெளிவந்த நாளில் இருந்ததைக் காட்டிலும் மின்னும்படி செய்து பரிசைத் தட்டிச் செல்வர். சென்ற சில பத்தாண்டுகளில் காற்று மாறிற்று. புதுக்காமல் காத்த வண்டிகளுக்கெனத் தனி வகுப்பு வைக்கலாயினர். 2024-ஆம் ஆண்டு பெபிள் பீச்சில் தலைப்பரிசு பெற்றது 1934-ஆம் ஆண்டின் புகாட்டி ஒன்று. பூச்சு தேய்ந்து, கீறலும் வடுவுமாக நின்ற வண்டி. புதுக்கப்படாத வண்டி ஒன்றுக்கு அங்கே தலைப்பரிசு கிடைத்தது அதுவே முதன்முறை. இச்செய்தி வந்தபோது எங்கள் மூத்த கட்சியினர் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் வழக்கை முடித்து வைத்தது பெபிள் பீச் அன்று, அம்மையார்.

அவரிடம் இரு கட்சியினரும் சென்றோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "நாகபுரியில் அதைத் தட்டி எடுக்க எங்களிடம் பணம் இல்லை, தம்பி. தில்லிக்கு வந்ததும் வீடு தேடவே பொழுது சரியாய்ப் போயிற்று. பிறகு பணம் வந்தபோது, எடுத்துவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இப்போது உங்களிடம் பணம் இருக்கிறது என்பதற்காக, எங்களிடம் இல்லாதிருந்த காலத்தை ஏன் தட்டி எடுக்கிறீர்கள்?"

இளைஞர்கள் ஒன்றும் பேசவில்லை.

ஆயினும் பழையது என்பதனாலேயே எல்லாவற்றையும் விட்டுவைத்தோம் என்று கருதலாகாது. அம்மையாரும் அதனை விரும்பவில்லை. நெளிவு வேறு, துரு வேறு. துரு வண்டியின் நோய். ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து இரு பக்கமும் கைபோல் நீளும் தாங்கிகள் எளிதில் துருப்பிடிப்பவை. அவற்றை வெட்டி எடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைத்தோம். பின்பெட்டியின் தளத்தையும் மாற்றினோம். எரிபொருள் குழாய்களை மாற்றினோம். ஏனெனில் இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். பழைய ரப்பர் அதனைத் தாங்காது. 2000-ஆம் ஆண்டு ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றபோதும் இத்தகைய பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் தேயுமோ என்னும் கவலை இருந்தது. அளவாக ஓட்டுவதால் எங்கள் எஞ்சின் தாக்குப் பிடிக்கிறது. உதிரிப் பாகங்களுக்கு முதலில் தில்லி காஷ்மீரி கேட். அங்கே இல்லையேல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவரிடம் எழுதிக் கொடுத்துச் சென்னைப் புதுப்பேட்டை. இரண்டிலும் இல்லாதது இங்கிலாந்திலிருந்து வரும். அங்கே இவ்வண்டிக்கு இன்றும் சங்கங்கள் உள்ளன. பாகங்கள் புதிதாகவே செய்கிறார்கள். சென்னையில் செய்த பொருளுக்குச் சென்னையில் கிடைக்காத பாகம் கடல் கடந்து வருவதில் சிறிது நாணம் உண்டு. வந்தபின் பொருந்தும்போது அந்நாணம் மறந்துபோகிறது.

சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் காலனியில் பலர் கவலையோடு கேட்கும் கேள்வி அது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிகள் தில்லிச் சாலையில் ஓடலாகாது எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் ஆணையிட்டது. டீசல் வண்டிக்கு 2015-இல் பத்தாண்டு எல்லை வந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் நாள், வயது கடந்த வண்டிகளுக்குப் பம்புகளில் எரிபொருள் தரலாகாது என்னும் ஏற்பாடு தொடங்கிச் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அந்நாட்களில் அம்மையார் கொட்டகைக்கு இரண்டு பூட்டுப் போட்டிருந்தார். தில்லியின் காற்றைச் சுவாசிக்கும் நாங்கள் இவ்வாணைகளின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டோம். மார்கழியில் குழந்தைகள் இருமும் இருமலை நாங்களும் கேட்கிறோம்.

நற்பேறாக, 2021-ஆம் ஆண்டு மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வகுத்தது. ஐம்பது ஆண்டு கடந்ததும், மூல உருவம் மாறாததும், சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டிக்குத் தனிப் பதிவு உண்டு. புதிதாகப் பதிவோருக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், பின்னர்ப் புதுப்பிக்க 5,000 ரூபாய். புதிதாகப் பதிவு பெறும் வண்டியின் எண்ணில் வி.ஏ. என்னும் எழுத்துக்கள் இருக்கும். முன்னரே பதிவு பெற்ற வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ ஓட்டலாகாது. காட்சிக்கும், ஊர்வலத்துக்கும், ஆராய்ச்சிக்கும், எரிபொருள் இடவும், பழுது பார்க்கவும் மட்டுமே. ஆகவே, "அங்காடிக்கு ஒருமுறை எடுத்துப் போகலாமா?" என்று கேட்கும் அன்பர்களுக்கு இம்மேடையிலிருந்தே விடை சொல்லிவிடுகிறோம்: போகலாகாது. பெட்ரோல் போடுவதற்காகப் போகும்போது உடன் வரலாம், அவ்வளவே. எங்கள் வண்டியின் டி.எல். எண் நிலைத்துவிட்டது. சிவப்பு மையால் அடிக்கப்பட்ட எம்.எஸ். எண்ணை மீட்க வழியுண்டா என்று எங்கள் இளைஞர் ஒருவர் கேட்டார். "எதற்கு? இங்கே வந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று" என்றார் அம்மையார்.

விதியில் 'மூல உருவம்' என்று இருப்பதன் அருமை சென்ற குளிர்காலத்தில் எங்களுக்கு நன்கு விளங்கிற்று. வெளியூர்க் காட்சி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். விடியுமுன் நான்கு மணிக்கே புறப்பட வேண்டும். பனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. ஹெரால்டின் விளக்கோ அகல்விளக்குப் போன்றது. முன்னால் ஒருவர் இன்றைய வண்டியில் வழிகாட்டிப் போக, பின்னால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சேர்ந்தோம். திடலில் இடம் குறித்துத் தந்தார்கள். எண்ணெய் சொட்டினால் புல் கெடுமென்று அடியில் அட்டை விரித்தோம். விவரப் பலகையை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தமிழிலும் எழுதி வைத்தோம். தமிழைக் கண்டு, இராணுவத்தில் பணிபுரியும் வேலூர் இளைஞர் இருவர் ஓடி வந்து, வண்டியைவிடப் பலகையையே அதிகம் படம் பிடித்துக்கொண்டனர்.

அங்கே, திருமணங்களுக்கு அலங்கார வண்டி வாடகைக்கு விடும் ஒருவர் எங்களிடம் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாகவே பேசினார். நாங்கள் கனவிலும் கருதாத ஒரு தொகையைச் சொன்னார். மேற்கூரையை வெட்டிவிட்டுத் திறந்த வண்டியாக்கி, உள்ளே வேறு எஞ்சின் வைத்துக்கொள்வதாகவும், வெளித்தோற்றம் அழகாகவே இருக்கும் என்றும் விளக்கினார். ஹெரால்டின் கூரை மரையாணியில் நிற்பது. கழற்றுவது எளிது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மையார் அன்று எங்களோடு வந்திருந்தார். அவருக்கு வயது எண்பத்து மூன்று. மகன் வெளிநாட்டில் இருக்கிறார். அவருக்கு இவ்வண்டியில் நாட்டமில்லை. மருத்துவச் செலவு இருக்கிறது. அத்தொகை அவருக்கு வேண்டாத தொகை என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நாங்கள் விலகி நின்றோம். அவர் பொருள், அவர் முடிவு.

அவர் அம்மனிதரை வண்டிக்குள் அமரச் சொன்னார். தாம் பக்கத்து இருக்கையில் அமர்ந்தார். அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அம்மையாரின் இந்தி எங்களுடையதைவிட நன்றாக இருக்கும். இறங்கியதும் அம்மனிதர் கைகூப்பிவிட்டு, விற்க நேர்ந்தால் தமக்கே முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார். அம்மையார் அவரிடம் முடியாது என்று சொல்லவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். "யோசிக்கிறேன்" என்றுதான் சொன்னாராம்.

அன்று மாலை பரிசு வழங்கினார்கள். புதுக்காது காத்த வண்டிகள் வகுப்பில் எங்களுக்கு மூன்றாம் பரிசு. முதற்பரிசு பெற்றது 1930-களின் ஆஸ்டின் ஒன்று, தகுதியான வண்டி. மட்கார்டின் நெளிவுக்கு எவ்வளவு கழித்தீர்கள் என்று நடுவரைக் கேட்டோம். அவர் தாளைப் பார்த்து, "ஒன்றுமில்லை, டயருக்குத்தான் கழித்தோம்" என்றார். ரேடியல் டயர் போட்டிருந்தோம். அக்காலத்துக்குரியது குறுக்கிழை டயர். ஆனால் நெடுஞ்சாலையில் பாதுகாப்பாகப் போக ரேடியலே நன்று. அந்த மதிப்பெண் போனால் போகட்டும்.

இன்று எங்கள்முன் நிற்பது பணப் பிரச்சினை. மூன்று குடும்பங்களும் சேர்ந்து வண்டியை வாங்கிக்கொண்டு, அம்மையாருக்கு நியாயமான தொகையை மாதத் தவணையாகச் செலுத்துவதென்று பேசி வருகிறோம். வாடகைக்காரர் சொன்ன தொகைக்கு அது ஈடாகாது. அவருக்கும் அது தெரியும். கணக்குப் பார்த்துவிட்டு, பொங்கலுக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான்காவது குடும்பம் ஒன்று சேர்ந்தால் தொகை சற்று உயரும். இதற்காகவே இம்மேடையில் பேச ஒப்பினோமோ என்று நீங்கள் ஐயுறலாம், ஓரளவு உண்மையே! எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் சேரலாம். எங்களுள் ஒருவர்க்கு இன்றுவரை கிளச்சுக்கும் பிரேக்குக்கும் வேறுபாடு தெரியாது. காட்சி நாளில் ஐம்பது பேருக்கு இட்லி கொண்டுவருபவர் அவரே.

கோயம்புத்தூருக்குச் செல்வோர், அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரால் விளங்கும் நிறுவனத்தார் அமைத்துள்ள கார் அருங்காட்சியகத்தைக் குழந்தைகளோடு பார்த்து வருக. தில்லியிலேயே இருப்போர்க்கு, குருகிராமத்துக்கு அப்பால் தாவுடுவில் போக்குவரத்து அருங்காட்சியகம் ஒன்று உண்டு. ஒரு நாள் பொழுது இனிது கழியும். அங்கெல்லாம் கயிறு கட்டியிருப்பார்கள், தொடலாகாது. எங்கள் வண்டியைத் தொடலாம்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஹெரால்டைக் கழுவித் துடைத்து, முன்சக்கர மூட்டுக்கு எண்ணெய் இடுகிறோம். பிள்ளைகளை அனுப்புங்கள், பழைய பனியன் துணி இருந்தால் கொடுத்தனுப்புங்கள், நைலான் துணி வேண்டாம், பூச்சைக் கீறும்.